லைப்ரரி மாறினால் யார் உழைப்பது?

லினக்ஸ் கணினியில் இணையத்தோடு பாதுகாப்பாகப் பேசும் நிரல்கள் பல, ஓபன்எஸ்எஸ்எல் என்ற ஒரே லைப்ரரியை நம்பியிருக்கின்றன. 2021 செப்டம்பரில் அதன் 3.0 பதிப்பு வெளியானபோது, லைப்ரரிக் கோப்பின் பெயரில் 1.1 என்றிருந்த எண் 3 ஆனது. மூலநிரலைக் கம்பைல் செய்யும்போதே, எந்த எண்ணுள்ள லைப்ரரி வேண்டும் என்பது நிரலுக்குள் பதிந்துவிடுகிறது. 1.1 கேட்டு உருவான நிரல், பக்கத்திலேயே 3 இருந்தாலும் தொடங்க மறுக்கும். ஆக, அந்த லைப்ரரியை நம்பியவை எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். அந்த வேலை யார் தலையில் விழுகிறது என்பதில்தான், நிரல்களை நிறுவிப் புதுப்பிக்கும் பேக்கேஜ் மேனேஜர்கள் வேறுபடுகின்றன.

டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அது டெபியன் திட்டத்தின் சர்வர்கள் பாடு. 2023இல் வந்த டெபியன் 12இல், புதிய ஓபன்எஸ்எஸ்எல்லோடு பொருந்தும்படி எல்லாம் முன்பே கம்பைல் ஆகியிருந்தன. பயனரின் கணினி அவற்றை இறக்கி உரிய இடத்தில் வைத்தால் போதும்.

ஜென்டூ என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் வழக்கமாக உங்கள் கணினியே கம்பைல் செய்ய வேண்டும். பெரிய பிரவுசர் என்றால் மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் மற்ற நிரல்கள் உடைந்துபோகாதா? இங்கே ஜென்டூவின் பேக்கேஜ் மேனேஜரான போர்ட்டேஜ் காட்டும் நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும். பழைய லைப்ரரியை இன்னும் எந்தெந்த நிரல்கள் கேட்கின்றன என்று அது கணக்கு வைத்திருக்கிறது. புதியது வந்த பிறகும் பழையதை அழிக்காமல் காத்து, கேட்பவற்றை ஒவ்வொன்றாக மறுபடி கம்பைல் செய்யச் சொல்கிறது. கடைசி நிரலும் மாறிய பிறகே பழைய கோப்பு போகிறது. 2023 டிசம்பரில் ஜென்டூவும் பரவலாக, முன்பே கம்பைல் செய்த ஆயத்தத் தொகுப்புகளைத் தரத் தொடங்கியது. நீங்கள் தேர்ந்த அமைப்புகளோடு பொருந்தினால் அவற்றை இறக்கலாம். இல்லாவிட்டால் பழையபடி கம்பைல்தான்.

ஈல்கோ டோல்ஸ்ட்ரா உருவாக்கிய நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேனேஜர், சர்வரில் கம்பைல், சொந்தக் கணினியில் கம்பைல் என்ற இந்தப் பிரிவினையையே கரைத்துவிடுகிறது. மூலநிரல், கம்பைலர், சார்ந்த லைப்ரரிகள் எல்லாவற்றையும் கணக்கிட்டு வரும் 32 எழுத்துக் குறி, தொகுப்பின் பெயரிலேயே சேர்கிறது. அந்தப் பெயரில் சர்வரில் ஆயத்தமாக இருந்தால் இறக்கும். இல்லையேல் இங்கேயே கம்பைல் செய்யும். இரண்டும் ஒரே இடத்தில் ஒரே பெயரில் அமரும். புதுப்பித்தாலும் பழையது பக்கத்திலேயே இருப்பதால், வேண்டும்போது திரும்பிவிடலாம்.

இதற்கு விலையும் உண்டு. அடிப்படையான சி லைப்ரரியில் ஒரு வரி மாறினால், ஏறக்குறைய எல்லாத் தொகுப்புகளின் பெயரும் மாறிவிடும். எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அதனால் அத்தகைய மாற்றங்களை உடனுக்குடன் சேர்க்காமல், தனிக் கிளையில் திரட்டி மொத்தமாக இணைக்கிறார்கள்.