ஒரு நாள் கூலியும் ஆயுள் கூலியும்

மாங்காய்க் காலம் வந்தால் சித்தூரில் லாரிகள் வரிசையாக நிற்கும். தோதாபுரி மாங்காய் கூழ் ஆலைகளுக்குப் போகும். பாரம் ஏற்றி இறக்கும் ஆளுக்கு அப்போது நல்ல கூலி. திருப்பதியில் கொத்தனாரிடம் கையாளாக இருக்கும் பையனுக்கு அவ்வளவு கிடைக்காது. "நீயும் லாரிக்கே போயேன்டா" என்று வீட்டில் சொல்வார்கள்.

போகலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பாரம் தூக்குபவருக்கு ஒரு நாளைக்கு 800 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். மாங்காய் இரண்டு மூன்று மாதம்தான். அப்புறம் வெல்லக் காலம் வரை காத்திருக்க வேண்டும். வருடத்தில் 150 நாள் வேலை என்றால் 1,20,000 ரூபாய் வரும். கையாளுக்கு 600 ரூபாய்தான். ஆனால் 250 நாள் வேலை கிடைத்தால் 1,50,000 ரூபாய் ஆகிறது.

இது ஒரு வருடக் கணக்கு. நாம் உழைப்பதோ முப்பது, நாற்பது வருடம். பாரம் தூக்குபவருக்கு இளம் வயதில்தான் அதிக வருமானம். வயது ஏற ஏற இடுப்பு வலிக்கும், முழங்கால் வலிக்கும். தூக்கும் பாரம் குறையும். கூலியும் குறையும். கையாள் அப்படி இல்லை. தூக்குக்குண்டு பிடிக்கவும் மட்டம் பார்க்கவும் பழகினால் சில வருடங்களில் கொத்தனார் ஆகிவிடுவார். கூலி ஏறும். ஐம்பது வயதிலும் அந்தத் தொழில் சோறு போடும்.

அதே கட்டடத்தில் கலவை சுமக்கும் அக்காவையும் பாருங்கள். இருபது வருடம் சுமந்தாலும் பெரும்பாலும் அவர் சித்தாள்தான். கரண்டியை அவர் கையில் யாரும் கொடுப்பதில்லை. கொடுத்தால் அவருக்குப் பூச வராதா என்ன?

ரேணிகுண்டா, ஸ்ரீசிட்டி பக்கம் ஆலை வேலைக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு. அடிப்படைச் சம்பளம் 10,000 ரூபாய் என்றால் பி.எஃப்.புக்கு 1,200 ரூபாய் பிடிப்பார்கள். "கையில் வருவது குறைகிறதே" என்று தோன்றும். ஆனால் முதலாளியும் 1,200 ரூபாய் போட வேண்டும். அதில் ஒரு பகுதி பென்ஷனுக்குப் போகிறது. பத்து வருடம் வேலை பார்த்திருந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன் வரும்.

நடுவில் வேலையை விட்டவர்கள் பலர் பணத்தை எடுத்துச் செலவு செய்துவிடுகிறார்கள். பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் கணக்கில் வராது. வேறு ஆலைக்கு மாறினால் பழைய கணக்கைப் புதியதோடு சேர்க்கச் சொல்லுங்கள். 2014 முதல் ஒருவருக்கு ஒரே யு.ஏ.என். எண்தான். ஆலை மாறினாலும் அது மாறாது. உங்கள் சம்பளச் சீட்டில் அந்த எண் இருக்கிறதா?