பூத்தொப்பி மண்டையோடு

நவம்பர் 1, 2 தேதிகளில் மெக்சிகோவில் இறந்தோர் திருநாள். தெருவெங்கும் மண்டையோட்டு முகங்கள். தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஒரே ஒப்பனை!

முகம் முழுக்க வெள்ளை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு, அதன் ஓரத்தில் பூவிதழ்கள், உதட்டின் குறுக்கே பற்களாகச் சிறு கோடுகள். இந்த வேடத்துக்குக் 'கத்ரீனா' என்று பெயர். சுமார் 1910-இல் ஓவியர் ஹோசே குவாதலூப்பே போசாதா செதுக்கிய, பூத்தொப்பி அணிந்த மண்டையோடுதான் இதற்கு மூலம். ஓவியர் தியேகோ ரிவேரா 1947-இல் முடித்த சுவரோவியத்தில் அதற்கு உடலும் உடையும் கொடுத்தார். சாவின் உருவத்தைப் பிள்ளைகள் மிரளாமல் முகத்தில் ஏந்தி விளையாடுவது எவ்வளவு அழகு!

வீட்டில் வரைந்து பார்க்க ஆசையா? தண்ணீரில் குழைக்கும் முகச்சாயமே நல்லது. படம் வரையும் அக்ரிலிக் வண்ணம் தோலுக்கானதல்ல. முந்தைய நாளே முழங்கையின் உட்புறம் முகச்சாயத்தில் ஒரு பொட்டு வைத்து, அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.