பேட்டரிக்குள் ஒரு சுரங்கம்

பிரித்து வைத்த இந்தக் கைபேசி பேட்டரியில், அலுமினியத் தாளின் மேலுள்ள கறுப்புப் பூச்சைப் பாருங்கள். கோபால்ட் அதில்தான் இருக்கிறது.

இத்தகைய கைபேசிகள் தமிழ்நாட்டிலும் உருவாகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கைபேசி ஆலை 2006இல் தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. இன்று சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாகின்றன. இங்கே கோர்க்கும் கைகளில் பல, இளம்பெண்களுடையவை. அவர்களுக்கு முன்பே வேறு கைகள் உழைத்திருக்கின்றன. உலகின் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டிய குழிகளருகே சிறுவர்கள் தாது பொறுக்கினார்கள், கழுவினார்கள், மூட்டை சுமந்தார்கள். நாளுக்கு 12 மணி நேரம் வரையிலான உழைப்புக்கு ஒன்றிரண்டு டாலர் கூலி என்று 2016இல் மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி இன்டர்நேஷனல் பதிவுசெய்தது.

பல குழிகளின் தாது உருக்காலையில் ஒன்றாகக் கலக்கிறது. அதன் பிறகு எந்தக் குழி என்று பிரித்தறிவது அரிது. எனவே நிறுவனங்கள் விசாரிக்க வேண்டிய இடம் உருக்காலை.

சுரங்கங்களில் இறந்த, ஊனமுற்ற சிறுவர்களுக்காக 2019இல் ஆப்பிள், டெஸ்லா உள்ளிட்ட 5 நிறுவனங்கள் மீது வாஷிங்டனில் வழக்கு தொடரப்பட்டது. விநியோகச் சங்கிலி வழியாகக் கோபால்ட் வாங்குவது மட்டுமே கட்டாய உழைப்பில் கூட்டுச்சேர்வதாகாது என 2024 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் சிறுவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு கிடைக்கவில்லை.