ஓடுகாலிகள் கேட்ட நிலம்

மண்ணச்சநல்லூர் என்றதும் அரிசி ஆலைகள்தான் எவருக்கும் நினைவு வரும். அந்த நெல்லை விளைவித்த கைகள் ஒரு காலத்தில் எந்த நிலையில் இருந்தன என்பதை யாரும் பேசுவதில்லை. நாம் பேசுவோம்.

1819ல் சென்னை ரெவினியூ போர்டு, அடிமைகளைப் பற்றிக் கலெக்டர்களிடம் விவரம் கேட்டது. திருச்சி மாவட்டத்து நன்செய்ப் பகுதிகளில் உழவடிமைகள் உண்டு, நிலத்தைப் போல அவர்களும் விற்கப்படுகிறார்கள் என்ற செய்தி அப்போது ஏட்டில் ஏறியது. புன்செய்ப் பகுதிகளில் அடிமைகள் சொற்பம். காரணம் எளிது. ஆற்றில் தண்ணீர் வந்த அன்றே சேற்றில் இறங்க ஆள் வேண்டும். அன்று அவன் வேறு பக்கம் போய்விட்டால் மிராசுதாரின் பத்தாயம் காலி! ஆகவே ஆளையே கட்டிப் போட்டார்கள்.

கட்டப்பட்டவன் சும்மா இருப்பானா? எந்த நாட்டிலும் இருந்ததில்லை. ஸ்பெயின்காரன் ஆண்ட மெக்சிகோவில், கரும்புத் தோட்டத்திலிருந்து தப்பிய ஆப்பிரிக்கர்கள் வெராக்ரூஸ் பக்கத்து மலைகளில் ஊர் அமைத்து வாழ்ந்தார்கள். அவர்களை ஸ்பெயின்காரன் ‘சிமரோன்’ என்றான். பட்டியை விட்டு ஓடிய மாட்டுக்கு வழங்கிய பெயர் அது. நம் ஊர்ப் பண்ணையார் வாயில் வந்த ‘ஓடுகாலி’ என்ற வசவு நினைவுக்கு வருகிறதல்லவா? எஜமானர்களின் அகராதி எங்கும் ஒன்றுதான்.

அந்த மக்களின் தலைவர் யாங்கா. 1609ல் பட்டாளம் அவர்கள் மேல் ஏவப்பட்டது. முதியவரான யாங்கா, சிறைப்பட்ட ஸ்பானியன் ஒருவன் கையில் தமது நிபந்தனைகளைக் கொடுத்தனுப்பினார். எங்களுக்கு விடுதலை வேண்டும்; எங்களுக்கென்று ஊர் வேண்டும்; அதை நாங்களே ஆளவேண்டும். பட்டாளம் ஊரை எரித்தது. ஆனால் அந்த மக்களை ஒழிக்க முடியவில்லை. கடைசியில் அரசு இறங்கி வந்தது, ஊர் கிடைத்தது. இனிமேல் ஓடிவருகிற அடிமைகளைப் பிடித்துக் கொடுப்போம் என்ற கசப்பான நிபந்தனையும் அந்த உடன்பாட்டில் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். இன்றும் அந்த ஊர் யாங்காவின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இங்கே நடந்தது என்ன? 1843ல் வெள்ளையன் ஐந்தாம் சட்டம் போட்டான். அடிமையின் மேல் எஜமானனுக்குள்ள உரிமையைக் கோர்ட்டுகள் ஏற்காது என்றான். நிலம்? ஒரு குழி கிடையாது! நிலமில்லாதவனுக்கு விடுதலை கிடைத்தால் மறுநாள் கஞ்சிக்கு எங்கே போவான்? பழைய பண்ணைக்கே போனான். அடிமை என்ற பெயர் போய்க் கடன்பட்ட பண்ணையாள் என்ற பெயர் வந்தது. 1859ல் இன்னொரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போனால் தொழிலாளிக்குச் சிறை. அது 1925 வரை ஏட்டில் இருந்தது.

நம்மவர்களுக்குத் தப்பும் வழி பெரும்பாலும் கப்பலாயிற்று. இலங்கை, பினாங்கு, பர்மா. தோட்டத்துக்கு ஆள் பிடிக்க இலங்கைத் துரைமார்கள் 1904ல் ஆபீசு திறந்த இடம் எது தெரியுமா? நமது திருச்சிதான்! கங்காணியின் கடன்சீட்டான ‘துண்டு’ தொழிலாளியின் கழுத்தில் மாட்டியது. அதை ஒழிக்க 1921 ஆயிற்று.

ஓடாமல் நின்று எதிர்த்த வரலாறு பக்கத்துத் தஞ்சையில் உண்டு. 1943 முதல் தோழர் பி. சீனிவாசராவ் ஊர் ஊராக நடந்து விவசாயச் சங்கம் கட்டினார். சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் 1944ல் மன்னார்குடி ஒப்பந்தம் முடிவு கட்டியது. அந்தப் போரில் முன்நின்ற களப்பாள் குப்பு 1948ல் திருச்சிச் சிறையில் உயிர்நீத்தார். 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னாளில் அதை ராஜாஜி கொடுத்த கொடை என்று எழுதினார்கள். களப்பாளைக் கேட்டால் வேறு கணக்கு சொல்லும். 1968 டிசம்பர் 25 இரவில், கூலி உயர்வு கேட்ட வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டதும் அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான்.

யாங்கா கேட்டது ஊரும் நிலமும். நமது உழவனுக்குக் கூலி கூடியது, சவுக்கு போயிற்று, நிலம்?

மண்ணச்சநல்லூர், லால்குடித் தோழர்கள் அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு வரவேண்டாம். உங்கள் தெருவில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்களில் எத்தனை பேர் கையில் பட்டா இருக்கிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்து வாருங்கள்.