வாஞ்சியின் கையில் பெல்ஜியம் பிஸ்டல்... நம்மூர்த் துப்பாக்கிக் கொல்லர்கள் எங்கே போனார்கள்?

1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல் என்பது பலர் கவனிக்காத விஷயம். சுடக் கற்றுக்கொண்டது பிரெஞ்சுப் புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம்.

ஏன் பிரெஞ்சு மண்? 1878-ல் ஆங்கிலேயர் போட்ட ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி தொடக்கூடாது. புதுச்சேரி, காரைக்கால் எல்லையைத் தாண்டிவிட்டால் அந்தச் சட்டம் செல்லாது. 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, இடையிடையே ஆங்கிலேயரிடம் போய்த் திரும்பி, 1954 நவம்பர் 1-ல் இந்தியாவோடு சேர்ந்த ஊர் காரைக்கால். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா' குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு.

சரி, பிஸ்டல் ஏன் பெல்ஜியத்திலிருந்து வரவேண்டும்? நம்மூர்க் கொல்லருக்குத் துப்பாக்கி செய்யத் தெரியாதா?

நன்றாகவே தெரியும். தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் கிடக்கும் ராஜகோபால பீரங்கியைப் பார்த்தாலே போதும். 17-ம் நூற்றாண்டில், இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி, அடித்து, ஒன்றோடொன்று ஒட்டவைத்தே செய்தது. வார்ப்பு வேலை அல்ல. கைத்துப்பாக்கிக் குழலும் கிட்டத்தட்ட அதே வித்தைதான், அளவுதான் சின்னது. இரும்புப் பட்டையைக் கம்பியின் மேல் சுற்றி, பழுக்கக் காய்ச்சி, இடைவெளி தெரியாமல் அடித்துச் சேர்ப்பார்கள்.

ஆனால் பழைய பிஸ்டலில் ரசிகர்கள் முதலில் பார்ப்பது குழலை அல்ல, பக்கவாட்டில் இருக்கும் விசை அமைப்பை. 'குதிரை'யின் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து எஃகுத் தகட்டில் கல்லை உரசும். பொறி பறக்கும், தகடு விலகும், அடியில் கிண்ணியில் இருக்கும் மருந்து பற்றும், சிறு துளை வழியே தீ உள்ளே போகும். கண் இமைக்கும் நேரம்தான்.

இதில் உயிர்நாடி வில். எஃகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கெட்டிப்படும், ஆனால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுபடி மெல்லச் சூடேற்ற வேண்டும். வைக்கோல் நிறம் வரும், பிறகு ஊதா, அப்புறம் நீலம். நீலம் வந்ததும் நிறுத்த வேண்டும். கொஞ்சம் தாண்டினால் வில் தொய்ந்துவிடும். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் கொல்லரின் கண்தான் அளவுகோல்.

இந்த வித்தையை இங்கேயே வளர்க்க நினைத்தவர் திப்பு சுல்தான். 1787-ல் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய அவருடைய தூதர்கள், 1788 ஆகஸ்ட் 10-ல் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னரைச் சந்தித்தார்கள். படை உதவி கேட்டார்கள், கிடைக்கவில்லை. கைவினைஞர்கள் கேட்டார்கள், கிடைத்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணப் பட்டறைகளில் செய்த துப்பாக்கிகளில் புலித் தலை, புலிக்கோடு அலங்காரம், செய்தவர் பெயர், ஆண்டு எல்லாம் பொறித்திருக்கும். ஐரோப்பியப் பொறி, நம் கைவண்ணம். 2015 ஏப்ரலில் லண்டன் போன்ஹாம்ஸ் ஏலத்தில் அவருடைய வேட்டைத் துப்பாக்கி ஒன்று 7 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது.

1799-ல் திப்பு வீழ்ந்தார், பட்டறைகளும் ஓய்ந்தன. 1801-ல் பாளையக்காரர்களை ஒடுக்கியதும், தெற்குச் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதற்கே கம்பெனி தடை போட்டது. வாங்க ஆள் இல்லாத தொழிலை எந்தக் கொல்லர் மகனுக்குக் கற்றுக்கொடுப்பார்? அரிவாளும் கலப்பையும் அடிக்கப் போனார்கள். அடுத்த நூற்றாண்டில் வாஞ்சிக்குப் பெல்ஜியம் பிஸ்டல்.

இன்று அந்தப் பழைய பாணி பிஸ்டல்களை ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்கும் ரசிகர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்கு தெரிந்த பெயர்களில் ஒன்று, இத்தாலியின் பிரெஷியா பக்கம் 1957-ல் தொடங்கிய பெடர்சோலி. இந்தியாவில் பீகாரின் முங்கேர் நகரத்தில், 18-ம் நூற்றாண்டில் நவாப் மீர் காசிம் தொடங்கிவைத்த துப்பாக்கித் தொழில் இன்னும் நடக்கிறது. லைசென்ஸ் பெற்ற பட்டறைகளும் உண்டு, போலீஸ் தேடும் கள்ளப் பட்டறைகளும் உண்டு.

தாத்தா காலத்துத் துப்பாக்கி உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறதா? 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, சுடவே முடியாத பழம்பொருளுக்குத்தான் விலக்கு தருகிறது. சுட முடியும் என்றால், எத்தனை பழசானாலும் லைசென்ஸ் வேண்டும். எண்ணெய் போட்டுச் சரிசெய்து பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு, முதலில் கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். கைவேலையை ரசிக்க மட்டும் ஆசை என்றால், தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.