மேடை எழுப்பிய வினா

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்துப் போற்றுகிறோம். எனினும் இயலை அறிவுக்கும், ஏனைய இரண்டையும் பொழுதுபோக்கிற்கும் உரியனவாகக் கருதும் வழக்கம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. மக்கள் வெளிப்படையாகப் பேச அஞ்சியதொரு செய்தியை இசையும் நாடகமும் பேசவைத்தமைக்குத் தென்னாப்பிரிக்க வரலாறு தக்க சான்றாகும். அதனை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, நிறவேற்றுமையை நாட்டின் சட்டமாகவே ஆக்கியது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பிரித்துப் பதிந்தது. 16 வயது நிரம்பிய கறுப்பினத்தவர், செல்லுமிடமெல்லாம் அடையாளச் சுவடி ஒன்றைச் சுமக்க வேண்டியவராயினர். எந்நகரில் தங்கலாம், எத்தனை நாள் தங்கலாம், வேலை தேடலாமா என்பனவற்றை அதிலுள்ள முத்திரைகளே முடிவு செய்தன. 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில் என்னுமிடத்தில் இச்சுவடியை எதிர்த்துத் திரண்ட மக்களைக் காவலர் சுட்டனர். அரசுக் கணக்கின்படியே 69 பேர் மாண்டனர். 1965இல் பிறந்த ஆணை, சிறப்பு அனுமதியின்றிப் பல்லினத்தார் ஒரே அரங்கில் அமர்ந்து கலைநிகழ்ச்சி காண்பதையும் தடுத்தது.

இச்சூழலில் 1972இல் கேப்டவுன் நகரில் அரங்கேறியதே ‘சிஸ்வே பான்சி இறந்துவிட்டான்’ என்னும் நாடகம். வெள்ளை இனத்தவரான அதோல் ஃபுகார்டும், கறுப்பின நடிகர்களான ஜான் கனி, வின்ஸ்டன் இன்ட்சோனா ஆகியோரும் கூடி உருவாக்கியது இது. கதை எளியது. வேலை தேடிப் போர்ட் எலிசபெத் நகருக்கு வந்த சிஸ்வேயின் அனுமதிக்காலம் முடிந்துவிடுகிறது. தெருவில் இறந்துகிடக்கும் ஒருவனின் சுவடி செல்லத்தக்கதாக இருக்கிறது. அதில் தன் நிழற்படத்தை ஒட்டிக்கொண்டால் அவன் பிழைக்கலாம். ஆனால் தன் பெயரை இழக்க வேண்டும். பெயரா, பிழைப்பா என்பதே நாடகத்தின் வினா. ‘சிஸ்வே’ என்னும் பெயர் ‘நாட்டு மக்கள்’ எனப் பொருள்படும் சொல்லினின்று வந்தது என்பதை அறியும்போது தலைப்பின் ஆழம் விளங்கும்.

நியூ பிரைட்டன் என்னும் கறுப்பினக் குடியிருப்பில் இந்நாடகம் நிகழ்ந்தபோது நேர்ந்ததை ஃபுகார்டே எழுதியுள்ளார். சிஸ்வே முடிவெடுக்கத் தயங்கும் கட்டத்தில் அவையோர் குறுக்கிட்டனர். சுவடியை எடுக்காதே என்றனர் சிலர். எடுத்துக்கொள் என்றனர் வேறு சிலர். நாடகம் நின்றது, வாதம் தொடர்ந்தது. வீட்டுக்குள்ளும் தாழ்ந்த குரலில் பேசியதை அன்று அவர்கள் உரத்துப் பேசினர். நாடகம் தீர்ப்புக் கூறியிருந்தால் கைதட்டிக் கலைந்திருப்பர். வினாவை மட்டும் முன்வைத்தமையால் விடையை அவர்களே தேட நேர்ந்தது.

இசையின் பணி வேறு வகையது. பாடகி மிரியம் மக்கேபா 1963இல் ஐக்கிய நாடுகள் அவையின் குழுமுன் தம் நாட்டின் நிலையை எடுத்துரைத்தார். அவர் தாயகம் திரும்ப 1990 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1897இல் ஏனோக் சொண்டோங்கா என்னும் ஆசிரியர் ஆப்பிரிக்காவுக்காக இறைவனை வேண்டி இயற்றிய பாடல், காலப்போக்கில் போராட்டக் கூட்டங்களின் பாடலாயிற்று. 1997 முதல் அப்பாடலின் பகுதியும் பழைய நாட்டுப்பண்ணின் பகுதியும் இணைந்து, ஐந்து மொழிகளில் ஒரே நாட்டுப்பண்ணாக ஒலிக்கின்றன. இசை பல குரல்களை ஒன்றாக்கியது. நாடகம் ஒவ்வொருவரையும் தம் குரலில் பேசவைத்தது.

இவற்றிற்கு விலையும் இருந்தது. 1975இல் அமெரிக்காவின் டோனி விருதைப் பெற்ற கனியும் இன்ட்சோனாவும், அடுத்த ஆண்டே டிரான்ஸ்கேயில் இந்நாடகத்தை நடித்தமைக்காகச் சிறைவைக்கப்பட்டனர். சுவடிச் சட்டம் 1986இல் நீங்கியது. 1994இல் அனைவரும் வாக்களித்தனர். இம்மாற்றத்தைக் கலை மட்டுமே விளைத்தது எனக் கூறுதல் மிகையாகும். மக்களின் நெடிய போராட்டமே அதனை விளைத்தது. அச்சத்தால் அடைபட்ட பேச்சைத் திறந்துவிட்டதே கலையின் பங்கு.

நம் கல்லூரி மேடைகளில் தீர்ப்பை முன்னரே எழுதிவைத்து, இறுதிக் காட்சியில் அறிவுரையாக உரைத்துவிடுகிறோம். நாடகத்தைக் கற்பிக்கும் நமக்கும் இக்குறையில் பங்குண்டு. திருமணப் பேச்சில் பெண்ணின் நிறம் குறுக்கிடும்போது வாய்மூடியிருக்கும் இல்லங்கள் நம்மிடையேயும் உள. அவையோர் வாதிட்டுக்கொண்டே இல்லம் திரும்பும் நாடகம் ஒன்றை நம் மாணவச் செல்வங்கள் மேடையேற்றுவார்களாயின், முத்தமிழ் கற்றதன் பயனை நாம் எய்தியவராவோம்.