வெள்ளவத்தையில் ஓர் அறை
(தீவிலிருந்து போனவர்கள் – 7)

மன்னாரில் இருபத்தாறு வயதுப் பொடியன் ஒருவன் தனியாக வீடு எடுத்து இருக்கிறான் என்றால், வீட்டில் என்ன சண்டை என்றுதான் ஊர் முதலில் கேட்கும். பொம்பிளைப் பிள்ளை என்றால் கேள்வியே வேறு. அதே பிள்ளைகள் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தள்ளிக் கொழும்பில் அறை எடுத்தால் பேசாலையிலோ வங்காலையிலோ ஒருவரும் வாய் திறப்பதில்லை. “வேலை” என்று சொன்னால் முடிந்தது. ஊர் தராத தனிமையை வேலை வாங்கிக் கொடுத்துவிடும்.

1990இல் போரோடு நின்றுபோன தலைமன்னார் ரயில் திரும்ப ஓடியது 2015 மார்ச் 14இல். இந்தியப் பிரதமர் மோடி தலைமன்னாருக்கே வந்து கொடியசைத்தார். இன்று கொழும்பு அலுவலகங்களில் இருக்கும் மன்னார் இளவட்டத்தில் அநேகம் பேர் ரயில் இல்லாத மன்னாரில் பிறந்தவர்கள். அதனாலோ என்னவோ, அவர்களுக்கு இன்னமும் பஸ்தான் நெருக்கம். ரயில் ஆளை ஏற்றும். பஸ் அம்மாவின் பார்சலையும் ஏற்றும்.

அந்தப் பார்சலைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பின்னேரம் மன்னாரில் கொண்டக்டரின் கையில் கொடுத்தால் விடியப்புறம் கொழும்பில் போய் எடுக்கலாம். கணவாய்க் கருவாட்டைப் பழைய பேப்பரில் சுற்றி, அதற்கு மேல் இரண்டு சொப்பின் பை. பக்கத்தில் போத்தலில் அம்மா இடித்த மிளகாய்த்தூள். எத்தனை பை போட்டாலும் மணம் அடங்காது. பார்சல் அறைக்குள் நுழைய முன்னமே வீட்டுக்கார அன்ரி வாசலில் நிற்பார். “தம்பி, உதை இங்க பொரிச்சுப் போடாதையும், மேல் வீட்டு ஆக்கள் சண்டைக்கு வருவினம்.” விசயம் தெரிந்த பொடியன் பாதியை அன்ரிக்கே கொடுத்துவிடுவான். அன்ரியின் அடுப்பில் பொரிந்தால் மேல் வீட்டுக்காரருக்கு மூக்கு வேலை செய்யாது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் போர்டிங் என்றால் இதுதான். வாடகை கொடுத்தாலும் வாடகைக்காரர் இல்லை, பாதி விருந்தாளி. லைற் பில்லுக்குத் தனிக்காசு, ஹீற்றர் பாவிக்கக்கூடாது, கூட்டாளிகள் வந்து தங்கக்கூடாது. பெண்களுக்கு இதற்கு மேல் கேற் பூட்டும் நேரம் ஒன்று உண்டு. வேலை முடிந்து காலி வீதி நெரிசலில் பஸ் நின்றால், போனை எடுத்து அன்ரிக்குக் காரணம் சொல்ல வேண்டும். சம்பளம் எடுக்கும் பிள்ளை, வங்கியில் மற்றவர் காசுக்குப் பொறுப்பாக இருக்கும் பிள்ளை, பஸ் பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்கிறது. எனக்கு இது கொஞ்சமும் பிடிப்பதில்லை.

ஆனால் இந்த அறைகளுக்கு இதைவிடக் கெட்ட காலமும் இருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள், பெரும்பாலானோரை வவுனியாவுக்கு. தகுந்த காரணமில்லாமல் தங்கியிருக்கிறார்களாம். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு இடைக்காலத் தடை போட்ட பிறகுதான் அது நின்றது. இன்றைக்கும் சில தாய்மார், பிள்ளை வேலைக்கடிதத்தைக் கையோடு வைத்திருக்கிறதா என்று கேட்பது சும்மா இல்லை.

மன்னார் முஸ்லிம் பிள்ளைகளுக்குக் கொழும்புக்கு வர முன்னமே ஒரு பயணம் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் பல புத்தளத்தில் வாழ்ந்தன. அங்கே வளர்ந்து கொழும்புக்கு வேலைக்கு வந்தவரிடம் எந்த ஊர் என்று கேட்டால் இரண்டு ஊர் சொல்வார்.

சரி, கொழும்புக்குப் போன இந்தப் பிள்ளைகளுக்கு ஏன் கல்யாணம் பிந்துகிறது? நகரத்து ஆசை என்று பெரியவர்கள் சொல்வது பாதிக் கதை. மீதிப் பாதி ஊரில் எழும்பிக்கொண்டிருக்கும் வீடு. தங்கச்சிக்குச் சீதனமாகப் போக வேண்டிய வீட்டின் சீமெந்து கொழும்புச் சம்பளத்தில்தான் வாங்கப்படுகிறது. 2022 நெருக்கடியில் விலை ஏறியபோது எத்தனையோ வீடுகள் அரைச்சுவரில் நின்றன. அண்ணன்மாரின் கல்யாணமும் அவற்றோடு நின்றது.

காணி பெண்பிள்ளையின் பெயரில் இருந்தால் கதையில் ஒரு திருப்பம். வடபகுதித் தமிழரின் சொத்துச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண், கல்யாணமாகாதவரை தன் காணியைத் தானே விற்கலாம், ஈடு வைக்கலாம். கல்யாணமானதும், 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அவர் நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். இன்னொன்று, தேசவழமைக்கு உட்படாத ஒருவரை, உதாரணமாக அலுவலகத்தில் பழகிய மட்டக்களப்புப் பொடியனைக் கட்டினால், அந்தத் திருமணம் நிலைக்கும்வரை அவளுக்குத் தேசவழமை இல்லை. கேற் பூட்டும் நேரத்தைச் சொல்லித்தரும் அன்ரியும் சரி, பெற்றோரும் சரி, இதைச் சொல்லித்தருவதில்லை.

ஆகையால் கொழும்பு அறைகளில் இருக்கும் பிள்ளைகளே, பேச்சுக்கால் வந்து நாள் குறிக்க முன்னம், ஊருக்குப் போகும் ஒரு லீவு நாளில் காணி உறுதியை எடுத்துக்கொண்டு ஒரு நொத்தாரிசிடம் போய் வாருங்கள்.